மெமரியில் ஒண்டுக்குடித்தனம்: ஒரு குட்டி வரலாறு

ஜூன், ஜூலை வந்தால் தாதர், மாட்டுங்கா பக்கத்து நம்மாட்கள் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளைக்குக் காலேஜ் கிடைத்துவிட்டது, லேப்டாப் வாங்கவேண்டும். நான் கம்ப்யூட்டர்காரன் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வரும். அடிக்கடி வருவது இது: "பெட்டில 8 ஜிபின்னு போட்டிருக்கு, உள்ள பார்த்தா 7.4தான் காட்டுது. மீதி எங்க சார் போச்சு? கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

ஏமாற்றவில்லை. உங்கள் மெமரியில் கிராஃபிக்ஸ் என்று ஒருவர் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறார். அவர் எப்போது குடிவந்தார், ஏன் வந்தார் என்பது சுவாரசியமான கதை. தெரிந்துகொண்டால் நாலு காசும் மிச்சம்.

திரையில் தெரிவதெல்லாம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று எங்காவது எழுதிவைக்க வேண்டும். அந்த இடம்தான் கிராஃபிக்ஸ் மெமரி. அதற்குத் தனி அட்டையில் தனி மெமரி கொடுக்கலாம், அல்லது கம்ப்யூட்டரின் பொது ராமிலேயே ஒரு மூலையை ஒதுக்கலாம்.

இரண்டாவது வழி இன்று நேற்று வந்ததல்ல. 1977-இல் வந்த ஆப்பிள் 2-வில் ஸ்டீவ் வாஸ்னியாக் அதைத்தான் செய்தார். ராம் தங்கம் போல விற்ற காலம். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதி நேரம் பிராசஸருக்கு, மறுபாதி நேரம் திரைக்கு என்று முறை வைத்தார். சண்டையே வரவில்லை.

நம் நாட்டுக்கும் அது வந்தது. 1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் வந்தவை பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள். அதன் பி மாடலில் மொத்த ராமே 32 கே.பி. நல்ல வண்ணப்படம் வேண்டுமென்றால் திரை மட்டும் 20 கே.பி.யை எடுத்துக்கொள்ளும்! மிச்சத்தில்தான் புரோகிராம். இப்போது அரை ஜி.பி. போனதற்கு வருத்தப்படுபவர்கள் அந்த மாணவர்களை நினைத்துக்கொள்ளவும் :-)

தனிக்குடித்தனத்தைப் பிரபலமாக்கியது 1981-இல் வந்த ஐபிஎம் பிசி. திரைக்குத் தனி அட்டை, அதில் தனி மெமரி. ஆனால் அதன் கறுப்பு வெள்ளை அட்டையில் எழுத்து வடிவங்கள் ஒரு சில்லில் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தன. ஆங்கிலம் வரும், தமிழ் வராது. தாய்லாந்து எழுத்தும் வராது. தன் ஆய்வேட்டைத் தாய் மொழியில் அடிக்க முடியாமல் தவித்த வான் சுவன்னுகுல் என்பவர் 1982-இல் தானே ஓர் அட்டை செய்தார். உலகமெங்கும் விற்ற 'ஹெர்குலிஸ்' அட்டை அதுதான். 64 கே.பி. மெமரி, 720×348 புள்ளிகள். அந்தத் தாய் எழுத்தின் மூதாதை பல்லவ எழுத்து. காஞ்சிபுரத்திலிருந்து கெமர் நாடு வழியாகப் போனது. ஆக, கிராஃபிக்ஸ் அட்டை வரலாற்றில் நமக்கும் தூரத்து உறவு உண்டு.

நம் எழுத்துகளுக்கும் இதே பிரச்சினைதான். ஐஐடி கான்பூரில் தொடங்கிய ஆராய்ச்சி, பக்கத்தில் புனேயின் சி-டாக்கில் 'ஜிஸ்ட்' அட்டையாக வளர்ந்தது. இந்திய மொழிகளைத் திரையில் பார்க்க அப்போது தனி அட்டை செருக வேண்டும். பிறகு விண்டோஸ் காலத்தில் எழுத்துகளைச் சாஃப்ட்வேரே புள்ளிகளாக வரையத் தொடங்கியதும் அந்தத் தேவை போனது.

இன்டெல் 1998-இல் ஐ740 என்ற கிராஃபிக்ஸ் சில்லை விட்டுப் பார்த்தது. போட்டியில் நிற்க முடியவில்லை. ஆனால் அந்தச் சரக்கை வீணாக்கவில்லை. 1999-இல் அதை 810 சிப்செட்டுக்குள்ளேயே வைத்து, மெமரியைப் பொது ராமிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னது. தனி அட்டை செலவு மிச்சம். இதே யோசனை லேப்டாப்புக்கு இன்னும் பொருந்தியது. இடம் மிச்சம், சூடு குறைவு, பேட்டரி நீடிக்கும்.

நஷ்டம் எங்கே? கணக்குப் போடுவோம். 1024×768 திரை, புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு படம் சுமார் 23.6 லட்சம் பைட். நொடிக்கு 60 முறை படிக்க வேண்டும். அதாவது நொடிக்கு 14 கோடி பைட். அன்றைய பிசி100 ராம் தரக்கூடியது அதிகபட்சம் 80 கோடி. திரை சும்மா இருக்கும்போதே ஆறில் ஒரு பங்கு காலி! சால் வீட்டுப் பொதுக்குழாய் மாதிரிதான். தொட்டியில் தண்ணீர் இருக்கும், ஆனால் இன்னொரு குடமும் வரிசையில் நிற்கும்.

கெட்டபெயர் வந்தது 2007-இல். விண்டோஸ் விஸ்டா வருவதற்கு முன்பே 'விஸ்டா கேப்பபிள்' என்று லேப்டாப்புகளில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இன்டெல் 915 சிப்செட் இருந்தவற்றிலும் ஒட்டினார்கள். அவற்றிலோ விஸ்டாவின் கண்ணாடி ஜன்னல் அழகான 'ஏரோ' ஓடாது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் சியாட்டில் கோர்ட்டுக்குப் போனார்கள். அப்போது வெளியான மின்னஞ்சல்களில், மைக்ரோசாஃப்டின் துணைத்தலைவர் மைக் நாஷே 2,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய லேப்டாப் மெயில் பார்க்கத்தான் உதவுகிறது என்று புலம்பியிருந்தார். 2008-இல் கிடைத்த கூட்டு வழக்கு அந்தஸ்து 2009-இல் பறிபோனது. ஒண்டுக்குடித்தனம் அங்கே குற்றமில்லை. சொல்லாமல் வாடகைக்கு விட்டதுதான் குற்றம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, தனி கிராஃபிக்ஸ் அட்டை வைத்து அதைக் கொடுத்திருக்க முடியுமா? ஊரில் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் இந்தப் பங்கு மெமரியால்தான் வந்தது.

அதே 2011-இல் இன்டெல்லும் ஏஎம்டியும் பிராசஸரையும் கிராஃபிக்ஸையும் ஒரே சில்லில் சேர்த்துவிட்டன. 2020-இல் ஆப்பிள் எம்1 வந்தபோது, ஒரே மெமரியை இருவரும் பகிர்வதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். படத்தை இங்கிருந்து அங்கே நகலெடுக்கும் வேலையே இல்லை அல்லவா? குழாயைப் பெரிதாக்கினால் பொதுக்குழாயே வசதி என்று ஆகிவிட்டது.

சரி, தாதரில் வெஸ்டர்ன் லைன் பிடித்து, கிராண்ட் ரோடில் இறங்கி, லேமிங்டன் ரோடு கடையில் நிற்கிறீர்கள். என்ன கேட்கலாம்?

முதலில், ராம் போர்டோடு ஒட்டியதா, கூடுதல் செருக இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒட்டியது என்றால் 8-ஐ விட்டு 16-க்குப் போங்கள். பின்னால் மாற்ற முடியாது. செருகுவது என்றால் ஒரே துண்டாக இல்லாமல் ஒரே அளவில் இரண்டாகப் போடச் சொல்லுங்கள். குழாய் இரட்டிப்பாகும், கிராஃபிக்ஸும் வேகமாகும்.

அடுத்து, விண்டோஸ் 'ஷேர்டு ஜிபியு மெமரி' என்று பாதி ராமைக் காட்டினால் பயப்படாதீர்கள். அது உச்சவரம்பு மட்டுமே. தேவைப்பட்டால் எடுக்கும், முடிந்ததும் திருப்பித் தரும். துவக்கத்திலேயே ஒதுக்கியதுதான் அந்த 8-க்கும் 7.4-க்கும் உள்ள வித்தியாசம்.

பி.காம், பி.ஏ, புரோகிராமிங் படிக்கும் பிள்ளைக்கு இதுவே தாராளம். முப்பரிமாண டிசைன், அனிமேஷன் என்றால் மட்டும் தனி கிராஃபிக்ஸுக்குக் காசு கொடுங்கள். "எனக்கும் அதுதான் வேணும்" என்று பிள்ளை அடம்பிடித்தால், எந்தப் பாடத்துக்கு என்று ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலும் கேம் பெயர்தான் பதிலாக வரும்!