நூறு பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் ஆய்வாளர்

"டீச்சர், இந்தப் பையனுக்கு வாசிக்கவே தெரியாது." படிவம் 1 வகுப்பை ஏற்கும் ஒவ்வோர் ஆண்டும் இந்த வரியை யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். நானும் சொல்லியிருக்கிறேன். சரி, அவனுக்கு என்னதான் தெரியும், எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. மதிப்பெண் மட்டும்தான் இருக்கும். இந்தக் கேள்வியையே முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டவர் நியூசிலாந்தின் மேரி கிளே. அவருடைய ஆய்வின் கதை நம் வகுப்பறைக்கும் பயன்படும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

காத்திருக்கச் சொன்ன காலம்

1931இல் அமெரிக்காவின் வின்னெட்கா நகரில் மார்ஃபெட், வாஷ்பர்ன் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளையின் மனவயது ஆறரையை எட்டிய பிறகு வாசிப்பைத் தொடங்குவதே நல்லது என்பது அவர்கள் முடிவு. அதன் பிறகு 'வாசிப்பு ஆயத்தம்' என்ற சொல் பல நாடுகளின் ஆசிரியர் பயிற்சியில் வேரூன்றிவிட்டது. பிள்ளை வாசிக்கவில்லையா? இன்னும் பழுக்கவில்லை, பொறுத்திருங்கள். இதுதான் ஆசிரியருக்குக் கிடைத்த ஆலோசனை. பொறுத்திருந்த காலத்தில் அந்தப் பிள்ளை மேலும் பின்தங்கியது.

ஆய்வு நடந்த விதம்

மேரி கிளே 1926இல் வெல்லிங்டனில் பிறந்தவர். ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான வாசிப்புப் பற்றித்தான் முதுகலை ஆய்வையும் செய்தார். 1960இல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார்.

நியூசிலாந்தில் பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்தாவது பிறந்தநாளை ஒட்டிப் பள்ளியில் சேருவார்கள். அப்படிச் சேர்ந்த 100 பிள்ளைகளைக் கிளே தேர்ந்தெடுத்தார். பள்ளியின் முதல் ஆண்டு முழுவதும், வாரா வாரம், ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்துப் பதிவு செய்தார். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. இடைப்பட்ட நாள்களில் என்ன நடக்கிறது என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. 'முகிழ்க்கும் வாசிப்பு நடத்தை' என்ற பொருள்படும் தலைப்பில் அந்த ஆய்வேடு 1966இல் முழுமை பெற்றது.

என்ன கண்டார்?

வேகமாக முன்னேறிய பிள்ளைகள் சுமார் 37 சொற்களுக்கு ஒரு பிழை செய்தார்கள். பின்தங்கிய பிள்ளைகளோ இரண்டு மூன்று சொற்களுக்கு ஒரு பிழை. இது எதிர்பார்த்ததுதான். அடுத்த கண்டுபிடிப்புதான் முக்கியம். முன்னேறிய பிள்ளைகள் மூன்று பிழைகளில் ஒன்றை, யாரும் சொல்லாமலே, தாங்களாகவே திருத்திக்கொண்டார்கள். பின்தங்கியவர்கள் இருபதில் ஒன்றைத்தான் திருத்தினார்கள். நல்ல வாசகரும் தவறுகிறார். ஆனால் தவறியது அவருக்கே தெரிகிறது.

இதைத் தமிழில் யோசித்துப் பாருங்கள். 'அண்ணன் மலை ஏறினான்' என்ற வரியை ஒரு மாணவன் 'அண்ணன் மழை...' என்று தொடங்குகிறான். சற்று நிற்கிறான். எழுத்தை மறுபடி பார்த்து 'மலை ஏறினான்' என்கிறான். இன்னொருவன் 'மழை ஏறினான்' என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறான். நம் மதிப்பெண் தாளில் முதல் மாணவனுக்கும் பிழை விழலாம். ஆனால் இருவருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றல்ல.

இந்தக் கவனிப்பிலிருந்துதான் 'ரன்னிங் ரெக்கார்ட்' என்ற வாசிப்புப் பதிவு முறை வளர்ந்தது. மாணவர் வாசிக்க, ஆசிரியர் ஒரு தாளில் சரியான சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி அடையாளம் இடுவார். தவறினால் மாணவர் சொன்னதை மேலேயும் நூலில் உள்ளதைக் கீழேயும் எழுதுவார். தானே திருத்தினால் அதற்கும் ஒரு குறி. நூற்றுக்குத் தொண்ணூறு சொற்களுக்குக் குறைவாகச் சரியாக வாசித்தால், அந்தப் பனுவல் அவருக்குக் கடினம் என்று பொருள்.

ஆய்வேடு வகுப்பறைக்கு வந்தது

1976இல் கிளே அடுத்த படிக்குப் போனார். ஓராண்டு பள்ளிக்குச் சென்றும் வாசிக்கத் திணறும் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு, தினமும் 30 நிமிடம், ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளை என்ற முறையில், ஏறக்குறைய 12 முதல் 20 வாரங்கள் கற்பிக்கும் திட்டம் உருவானது. அதுவே 'ரீடிங் ரிக்கவரி'. பயிற்சியில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, மற்றவர்கள் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்து விவாதிப்பார்கள். 1980களில் நியூசிலாந்து முழுவதும் பரவி, 1984இல் அமெரிக்காவின் ஒஹையோவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றது. 1987இல் கிளேவுக்கு 'டேம்' பட்டம் கிடைத்தது. 2007இல் அவர் காலமானார்.

கதை அங்கே முடியவில்லை

கிளேவின் முறையில் ஒரு பகுதி கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. தெரியாத சொல்லைப் பொருளையும் படத்தையும் வைத்து ஊகிக்க இடம் கொடுக்கிறது, எழுத்தொலிப் பயிற்சியை முறையாகத் தரவில்லை என்றார்கள். நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழக ஆய்வாளர்களே பல ஆண்டுகள் இதை வலியுறுத்தினார்கள். அமெரிக்காவில் திட்டம் முடிந்த உடனே நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் 2022இல் வெளிவந்த தொடர் ஆய்வில், அதே பிள்ளைகள் மூன்றாம், நான்காம் வகுப்பில் ஒத்த நிலையிலிருந்த மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். 2025 முதல் நியூசிலாந்து அரசுப் பள்ளிகள் எழுத்தொலியை முறையாகக் கற்பிக்கும் வழிக்கு மாறிவிட்டன.

விமர்சனம் சரிதான் என்பதை நம் வகுப்பிலேயே பார்க்கலாம். வீட்டின் படத்துக்குக் கீழே 'இல்லம்' என்று இருக்கிறது. மாணவன் 'வீடு' என்கிறான். பொருள் சரி. ஆனால் அவன் ஓர் எழுத்தைக்கூட வாசிக்கவில்லை! அதைப் பாராட்டிவிட்டு நகர்ந்தால், படமில்லாத பனுவலில் அவன் மாட்டிக்கொள்வான். உயிர்மெய் எழுத்துகளை முறையாகக் கற்பிப்பதற்கு மாற்று வழி கிடையாது.

நமக்கு எது மிஞ்சுகிறது?

நம் நாட்டில் 2010இல் தொடங்கிய லினுஸ் திட்டமும் முதலாம் ஆண்டிலேயே பிள்ளைகளைக் கண்டறியப் பார்த்தது. ஆனால் எழுத்தறிவில் அதன் தொடக்கம் மலாய்மொழி. தமிழில் திணறுகிறவர் பலர் யார் கண்ணிலும் படாமல் இடைநிலைப்பள்ளி வரை வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் குறைநீக்கல் பயிற்சித்தாள் கொடுப்பதற்கு முன், ஒரு நூறு சொல் பனுவலை வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். பத்து நிமிடம் போதும்.

சென்ற ஆண்டு நான் அப்படி ஒரு மாணவனோடு உட்கார்ந்தேன். "வாசிக்கவே தெரியாது" என்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டவன். தாளில் பெரும்பாலும் சரி அடையாளங்கள். அவன் தடுக்கியது கொம்பும் காலும் சேர்ந்து வரும் ஒகர, ஓகார எழுத்துகளில்தான். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி வாழ்க்கையில் அவனைப் பிடித்துவைத்த குறை அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய எங்களுக்குச் சில வாரங்களே தேவைப்பட்டன.

கிளேவின் கற்பித்தல் முறையை இன்று பல நாடுகள் கைவிடுகின்றன. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்டதை அப்படியே எழுதிவைக்கும் பழக்கத்தை நாம் கைவிடத் தேவையில்லை.