மெழுகில் நிற்கும் மெட்டு

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியின் தஞ்சாவூர் வீணை, பழைய வேட்டியில் தைத்த உறைக்குள் பாய்மேல் படுத்திருக்கிறது. பக்கத்து அறையில் மகனின் கிடார். அதற்குத் தனிப் பெட்டி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி. 45க்கும் 55 சதவீதத்துக்கும் நடுவே இருக்கிறதா என்று அவன் தினமும் திறந்து பார்க்கிறான். இரண்டுமே மரமும் தந்தியும்தான். ஒன்றுக்கு மட்டும் ஏன் இத்தனை பாதுகாப்பு என்று யோசித்தபோதுதான் வீணையின் பழங்கதைக்குள் போனேன்.

தந்திக்குக் கீழே ஸ்வர இடம் காட்டும் மெட்டுகளை ராகத்துக்கு ராகம் இடம் மாற்றி வாசித்த காலம் ஒன்று உண்டு. 24 மெட்டுகளை நிலையாக அமைத்து எந்த ராகத்தையும் வாசிக்கும் வீணை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் அவையில் உருவானது என்பது மரபு. அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். அவர் மகன் வேங்கடமகி, ஒரே ராகத்துக்கு மெட்டு அமைத்த வீணை, எல்லா ராகத்துக்கும் அமைத்த வீணை என இரண்டையும் சதுர்தண்டிப் பிரகாசிகையில் பிரித்துச் சொல்கிறார்.

நிலையான மெட்டு என்கிறோம். அது நிற்பதோ மெழுகின்மேல்! தேன்மெழுகோடு கரித்தூள் கலந்து காய்ச்சி, வீணையின் கழுத்தான தண்டியின் இரு ஓரமும் வரப்பு மாதிரி கட்டி, அதில் பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுப் பதிக்கிறார்கள். இதற்குப் பெயர் மேளம் கட்டுதல். சில வருடங்களில் மெழுகு தளர்ந்து சுருதி பிசகினால், பழைய மெழுகை எடுத்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

கிடாரில் அந்த வழி இல்லை. அளந்து அறுத்த பள்ளங்களில் உலோக மெட்டை அடித்து இறக்கிவிடுகிறார்கள். காற்று வறண்டால் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது; மெட்டின் நுனி ஓரத்தில் துருத்திக்கொண்டு விரலைக் கீறும். மேற்பலகை மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. மரம் நீளவாட்டில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அடியில் குறுக்காக ஒட்டிய சட்டங்கள் விட்டுக்கொடுக்காததால் பலகை பிளக்கிறது. ஈரம் மிகுந்தாலோ அதே பலகை உப்பி, தந்தி மேலே எழும்பிவிடும். ஆகவே கிடாருக்கு அதைச் சுற்றியுள்ள காற்றையே பழக்க வேண்டியிருக்கிறது.

காற்றைப் பழக்கும் வித்தைக்கு வயது அதிகமில்லை. மனிதத் தலைமுடி ஈரத்தில் நீளும் என்பதை வைத்து ஜெனீவாவின் சொஸ்யூர் ஈரமானியைப் பற்றி எழுதியது 1783இல். புரூக்ளின் அச்சகம் ஒன்றில் காகிதம் ஈரத்தில் விரிந்து வண்ணங்கள் விலகிப் போனதற்காக வில்லிஸ் கேரியர் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் தன் இயந்திரத்தை வடிவமைத்தது 1902இல். ரகுநாதர் காலத்துத் தச்சருக்கு இதெல்லாம் ஏது? காவிரிக் கரையின் காற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு, கறையான் எளிதில் தொடாத பலாவை எடுத்து, நன்றாக உலரவிட்டுக் குடைந்தார்கள். இந்த அறிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

வீணைக்கும் பயம் உண்டு, வெயிலிடம். மூடிய காருக்குள் ஒரு மதியம் விட்டால் மெழுகு இளகி மெட்டுகள் சாயும். "கத்திரி போகட்டும்மா, அப்புறம் மேளம் கட்டிக்கலாம்" என்று பாட்டியிடம் ஆசாரி சொன்னது நினைவிருக்கிறது.

அதைவிடப் பெரிய பயத்தை அத்தை மினசோட்டாவில் கண்டாள். உறையும் குளிரில் காற்று மிகக் கொஞ்சம் நீராவியைத்தான் தாங்கும். அந்தக் காற்றை வீட்டுக்குள் ஹீட்டர் சூடாக்கும்போது அது வறண்ட காற்றாகிறது. அவளுடையது ஒட்டு வீணை. முதல் குளிர்காலத்திலேயே குடமும் தண்டியும் சேருமிடத்தில் நகம் நுழையும் அளவு வாய் திறந்துவிட்டது. போனில் அழுதாள். பாட்டியின் வீணை ஏகாண்டம், ஒரே பலாவில் குடைந்தது, அந்த இடத்தில் பிரிய ஒட்டே இல்லை. ஆனால் அந்தக் காற்றில் அதுவும் வெடித்திருக்கலாம். இப்போது அத்தை, கிடார்காரர்களைப் பார்த்து, வீணைப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்த சோப்பு டப்பாவை வைக்கிறாள்.

போன ஐப்பசியில் மேளம் கட்ட ஆசாரி வந்தார். வெளியே மழை. மகன் தன் ஈரப்பதக் கருவியைக் கொண்டுவந்து வீணைக்குப் பக்கத்தில் வைத்தான். 78 காட்டியது. ஆசாரி கம்பியைக் காய்ச்சி மெழுகில் வைத்தார், ஐந்தாம் மெட்டை நூலளவு நகர்த்தினார், தந்தியை மீட்டினார், தலையசைத்தார். பிறகு ஆறாம் மெட்டுக்குப் போனார். மகன் அவருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றான்.