எழுபது எழுத்துக்குள் ஒரு மொழி

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள ஊர் வல்லம் வடகால். 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு அங்கே திறக்கப்பட்டபோது பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் கண்ணுக்கு எட்டே எழுத்து. குறுஞ்செய்தியிலோ, நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்து 13 இடங்களை அது எடுத்துக்கொள்ளும். ஒருங்குறியில் மெய்யின் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி இடம்.

குறுஞ்செய்தியின் அளவை 1980களில் வகுத்தவர்கள் ஐரோப்பியப் பொறியாளர்கள். அழைப்புகளை இணைப்பதற்கான சமிக்ஞைத் தடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது 140 பைட். எழுத்துக்கு 7 பிட் என்று பங்கிட்டால் ஆங்கிலத்துக்கு 160 இடங்கள். 16 பிட் கேட்கும் தமிழுக்கு 70. மீறினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67 இடங்கள்தாம். பெரும்பாலும் கட்டணமும் துண்டுக்கணக்கில்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் நின்றது. அந்த ஆண்டுகளில்தான் தமிழைப் பலரும் ரோமன் எழுத்தில் தட்டப் பழகினார்கள். மொழிப்பற்றின்மை என்று அதைக் கடிந்தவர்களில் நானும் ஒருவன். இந்தக் கணக்கை அன்று நான் அறியேன்.

வழி பிறக்காமல் இல்லை. 2009ஐ ஒட்டி, செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு 7 பிட் அட்டவணைகளைச் சேர்த்தது. 'இதைத் தமிழ் அட்டவணையால் படிக்க' என்ற குறிப்பு செய்தியின் முகப்பில் செல்லும். அதற்கான 5 இடங்கள் போக 155 மிஞ்சும். ஆனால் பழைய கருவிக்கு அக்குறிப்பு புரியாது. அதை ஒதுக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த பழைய அட்டவணையில் படிக்கும்.

துருக்கியருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. அவர்களுடைய வால்முளைத்த எழுத்து வாலில்லாமல் தெரியும், சொல்லை ஊகித்துவிடலாம். அப்படியே அமையுமாறு அட்டவணையை வகுத்திருந்தார்கள். ரோமனோடு உறவில்லாத தமிழுக்கு அந்தச் சலுகை கிடையாது. முழுச்செய்தியும் பிதற்றலாகும். 16 பிட் முறையிலும் தமிழ் எழுத்துரு இல்லாத கருவி வெறும் கட்டங்களையே காட்டியது என்றாலும், வந்தது என்னவோ படிக்க முடியாதது என்றாவது பெற்றவருக்குத் தெரிந்தது.

எதிர்முனையில் இருப்பது எந்தக் கருவி என்பது அனுப்புபவருக்குத் தெரியாது. ஆகவே பழையதைக் காப்பது நியாயம்தான் என்றே நினைக்கிறேன். அந்த நியாயத்துக்கான விலை மட்டும் எல்லா மொழிகளுக்கும் ஒன்றாக இல்லை. பின்னர் இணையவழி அரட்டைச் செயலிகள் வந்து 140 பைட் எல்லையைப் பொருளற்றதாக்கின.

குறுஞ்செய்தியில் அது இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, கடைசியில் ஓர் 'அ' சேர்த்துப் பாருங்கள். பொதுவாக 160 என்ற கணக்கு அக்கணமே 70 ஆகிவிடும்.