இல்லை என்ற விடை

திருத்தணியின் எல்லைக்கதையை மொழியின் கதையாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். ம.பொ.சி. போராடினார், 1960இல் ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. இந்த எல்லையின் இருபக்கத்து மண்ணுக்கும் க்ஷயரோகத்தின் சரித்திரம் ஒன்றும் உண்டு. அது நம் எழுத்தில் ஏறவில்லை.

நமக்கு க்ஷயம் என்றால் புதுமைப்பித்தன். 1948இல் அவர் இறந்ததை ஒரு மேதையின் துயரமாக்கி வைத்திருக்கிறோம். நோயைத் தனிமனித விதியாகப் பார்க்கும்போது, ஒரு ஊரில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, ஏன் என்ற கேள்வியே எழுவதில்லை. அதே 1948இல் கிண்டியில் பி.சி.ஜி. மருந்து செய்யும் கூடம் ஏற்பட்டது. 1955இல் ராஜாஜி அந்த ஊசியை எதிர்த்துப் பிரசுரம் எழுதினார். சர்ச்சை பெரிதாக நடந்தது. ஆனால் ஊசி காக்குமா என்பது வாதத்தால் தீரக்கூடிய விஷயமல்ல. எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணும் வேலை 1950இலேயே சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் டாக்டர் ஃப்ரிமோட் மோலரால் தொடங்கப்பட்டிருந்தது. திருத்தணியும் அப்போது அந்த மாவட்டம்தான். 1968இல் திருத்தணிக்குக் கிழக்கே, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் இதைவிடப் பெரிய சோதனை ஆரம்பமாயிற்று. 3,66,625 பேரைப் பதிவுசெய்து, 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத ஊசி. எது யாருக்கு என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு பதினைந்து வருஷம் அதே ஜனங்களிடம் திரும்பத் திரும்பப் போய், எக்ஸ்ரே எடுத்து, சளியைச் சோதித்தார்கள்.

இங்கிலாந்தில் பள்ளி முடித்த பிள்ளைகளிடம் இதே ஊசி முக்கால் பங்குக்கும் மேல் நோயைத் தடுத்திருந்தது. இங்கே, ஏழரை வருஷக் கணக்கு 1979இல் வெளியானபோது, பாதுகாப்பு இல்லை என்று வந்தது. பதினைந்து வருஷக் கணக்கு 1999இல் வந்தது. தொடக்கத்தில் தொற்றில்லாத 1,09,873 பேரில் 560 பேருக்கு நோய் கண்டிருந்தது. பெரியவர்களுக்குப் பயனில்லை, குழந்தைகளுக்கு 27 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவில். மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு மைக்கோபாக்டீரியாக்கள் இவர்கள் உடலை முன்பே பழக்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்றும் அது விளக்கமாகவே இருக்கிறது, முடிவாக இல்லை.

இதைத் தோல்வி என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பச்சைக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடும் க்ஷயத்திலிருந்து காப்பதால் ஊசி இன்றும் தொடர்கிறது. ஆனால் பெரியவர்களின் நுரையீரல் க்ஷயம் பரவுவதை அதைக்கொண்டு நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை இங்கே தகர்ந்தது. நோயாளியைத் தேடிக் கண்டு குணமாக்குவதுதான் வழி என்ற நிர்ப்பந்தம் கூடியது.

எண் மனிதனை அழிக்கிறது என்பது நம் வட்டத்தில் பழகிய வாக்கியம். இங்கே நடந்தது வேறு. இங்கிலாந்தின் உடம்புக்குச் சரியானது திருவள்ளூர் உடம்புக்கும் சரி என்ற அனுமானத்தை, எந்தக் கவியோ தலைவரோ அல்ல, வயலிலிருந்து வந்து கையை நீட்டிய ஜனங்கள் மறுத்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர் இல்லாமல் அந்த மறுப்பு சாத்தியமில்லை. தாம் எந்தப் பக்கம் என்று அறியாமலே அவர்கள் நின்றார்கள். எல்லைப் போராட்டத்தை எழுதும் சரித்திரக்காரன் இவர்களையும் எழுதியாக வேண்டும்.