ஒரு பக்கம் மட்டும் கதவுள்ள ரயில்

சின்னஞ்சிறு பாரம்பரிய ரயில்களைப் பார்க்கப் போவது வீண்வேலை என்பவர்கள் உண்டு. ஒரு மணி நேரம் புகையைச் சுவாசித்துவிட்டு, ஏறிய இடத்திலேயே திரும்ப வந்து இறங்குவதற்கு டிக்கெட் எதற்கு? நியாயமான கேள்விதான். வேல்ஸில் உள்ள டாலிலின் ரயில்வேயின் கதையைத் தெரிந்துகொண்டால் பதில் கிடைக்கும்.

மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லை டவின் என்னும் கடற்கரை ஊருக்குக் கொண்டுவர 1865-ல் போடப்பட்ட பாதை இது. அகலம் வெறும் 2 அடி 3 அங்குலம்! நம் ஊட்டி ரயில் பாதையைவிட ஓரடிக்கும் மேல் குறுகலானது. பயணிகளை ஏற்றலாமா என்று 1866-ல் சோதிக்க வந்த அரசு ஆய்வாளர் டைலர் திகைத்துப் போனார். சாலைப் பாலங்களுக்கு அடியில் ரயில் நுழையும்போது, பெட்டிக்கும் சுவருக்கும் இடையே 2 அடிகூட இல்லை. விபத்து நடந்தால் யாரும் இறங்க முடியாது. பாலங்களை இடித்துக் கட்டப் பணம் ஏது? தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்தினார்கள், மறுபக்கக் கதவுகளை நிரந்தரமாக மூடினார்கள். (சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!) அந்தக் காலத்துப் பெட்டிகளில் இன்றும் ஒரு பக்கம்தான் ஏறி இறங்க வேண்டும்.

1946-ன் இறுதியில் சுரங்கம் சரிந்து மூடப்பட்டது. வருமானம் போனது. ஆனாலும் உரிமையாளர் ஹெய்டன் ஜோன்ஸ், தான் இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லி, சொன்னபடியே நடத்தினார். 1948-ல் பிரிட்டன் ரயில்வேக்களை நாட்டுடைமையாக்கியபோது இது பட்டியலிலேயே இல்லை. 1950-ல் அவர் இறந்தபோது ஓடும் நிலையில் இருந்தது 1866-ஆம் ஆண்டின் டோல்காக் என்ற ஒரே எஞ்சின். தண்டவாளத்தைப் புல் மூடியிருந்தது.

எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் நண்பர்களும் அந்த அக்டோபரில் பர்மிங்காமில் கூட்டம் போட்டார்கள். 1951 மே 14-ல் தொண்டர்களே ரயிலை ஓட்டினார்கள். உலகில் இப்படித் தொண்டர்கள் காப்பாற்றிய முதல் ரயில் இதுவே. மூடப்பட்டுவிட்ட பக்கத்து காரிஸ் ரயில்வேயும் அதே விசித்திர அகலமாக இருந்தது பெரிய அதிர்ஷ்டம். அதன் இரண்டு எஞ்சின்களையும் 1951-லேயே வாங்கிக்கொண்டார்கள். மறு ஆண்டு தொண்டராக வந்த பாதிரியார் ஆட்ரி, 'தாமஸ்' ரயில் கதைகளில் இதை ஸ்கார்லோய் ரயில்வே ஆக்கினார்.

அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் அந்தக் கதவு வெறும் பலகை. வண்டி பாலத்துக்குள் நுழைந்து சுவர் முகத்தருகே வரும்போதுதான் டைலர் பயந்தது ஏன் என்று புரியும். டிக்கெட் காசு அதற்குத்தான். இயற்கைக் காட்சி மட்டும் வேண்டுமென்றால் பேருந்திலேயே போகலாம்.