படகும் பொறியும்: மீன்பிடி ஓடத்தில் மின்சாரம் புகுந்த வரலாறு

பினாங்கில் வாழ்வோருக்குப் படகைப் பற்றிப் பேசுவது வீட்டு வாசலைப் பற்றிப் பேசுவது போன்றது. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடி நாட்டிய காலந்தொட்டே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் மக்கள் இங்கே வணிகராகவும் படகோட்டிகளாகவும் வாழ்ந்தனர். சூலியா வீதி என்னும் பெயர் இன்றும் அவர்களை நினைவூட்டி நிற்கிறது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே சம்பானும் தொங்கானும் செலுத்திய கைகளில் தமிழர் கைகளும் இருந்தன. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடத் தொடங்கிய புதிய பயணப் படகுகளை ஆங்கிலத்தில் எந்தப் பெயரால் வகைப்படுத்துகிறார்கள்? கட்டுமரம் என்னும் நம் சொல் திரிந்த பெயரால்தான். நம் கட்டுமரம் மரங்களைப் பிணைத்துக் கட்டியது. அவர்கள் அப்பெயரை இரட்டை உடல் கொண்ட படகுக்கு வழங்குகிறார்கள். பொருள் மாறினும் பெயர் நம்முடையதே.

இத்தகைய படகுத் தொடர்புடைய நம்மிடையே இப்போது ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. சிறு மீன்பிடி ஓடங்களுக்கு ஏற்ற மின்சாரப் பொறிகள் பலவகையாகச் சந்தைக்கு வருகின்றன. புகையில்லை, ஓசையில்லை, எண்ணெய்ச் செலவில்லை என்று விற்போர் புகழ்கின்றனர். இவற்றுள் எது நல்லது என்று கேட்பது எளிது. யாருக்கு, எந்த வேலைக்கு நல்லது என்று கேட்பதே முறை. அதற்கு இப்பொறியின் வரலாறு சற்றுத் தெரிந்திருத்தல் வேண்டும்.

மின்சாரப் படகு நேற்றுப் பிறந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது எண்ணெய்ப் பொறிக்கு மூத்த அண்ணன். 1838ஆம் ஆண்டிலேயே மோரிட்ஸ் யக்கோபி என்னும் அறிஞர் ரஷ்யாவின் நேவா ஆற்றில் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மின்விசையால் படகோட்டிக் காட்டினார். ஆனால் அவருடைய மின்கலங்களில் துத்தநாகம் கரைந்துகொண்டே போயிற்று, செலவு கட்டவில்லை. 1859இல் பிரெஞ்சுக்காரரான பிளாந்தே என்பார் மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈயச் சேமக்கலத்தைக் கண்டார். 1881இல் பாரிஸ் நகரில் குஸ்தாவ் துரூவே என்பார் சுக்கானோடு சேர்த்துப் படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய மின்பொறியைச் சேன் ஆற்றில் இயக்கினார். வெளியிணைப்பு இயந்திரம் என்று நம் மீனவர் இன்று சொல்லும் வகையின் முன்னோடி அதுவே. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் 55 மின்படகுகள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை ஏற்றிச் சென்றன.

பின்னர் மின்சாரம் ஏன் பின்வாங்கியது? பெட்ரோல் வந்ததே காரணம். 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓல் எவின்ரூட் என்பவர் தம்முடைய பெட்ரோல் வெளியிணைப்புப் பொறியை விற்கத் தொடங்கினார். ஒரு டின் எண்ணெயில் அடங்கிய ஆற்றலுக்கு ஈடாக ஈயக் கலங்களை ஏற்றினால் படகே தாழ்ந்துவிடும். ஆகவே மின்பொறி ஒரு மூலைக்கு ஒதுங்கியது. அந்த மூலைதான் தூண்டில் மீன்பிடிப்பு. 1934இல் வட டக்கோட்டா மாநிலத்துப் பார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் பழைய போர்டு காரின் துவக்கி மோட்டாரை எடுத்து, அதனோடு தண்டும் விசிறியும் பொருத்தி ஒரு சிறு பொறி செய்தார். மின் கோட்டா என்னும் பெயருடைய பொறிகள் அவ்வாறு தோன்றியவையே. ஏரியில் மீன் வெருளாதபடி மெல்ல நகர்வதே அதன் நோக்கம்.

இவ்விடத்தில் ஒரு சொற்குழப்பத்தை நீக்குதல் நலம். ஓடும் படகின் பின்னே தூண்டிற் கயிற்றை விட்டு இழுத்துச் செல்வது ஒரு முறை. கடலடியைத் துழாவும் பெரிய வலையை விசைப்படகால் இழுப்பது வேறொரு முறை. மலாயில் அதனைப் புக்காட் துண்டா என்பர். ஆங்கிலத்தில் இவ்விரண்டின் பெயர்களும் ஏறத்தாழ ஒன்றுபோல ஒலிக்கும். செயலிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முன்னது ஒரு மீனைத் தேடுவது. பின்னது கடலை வாருவது. நாம் இங்கே பேசும் மின்பொறி முன்னதற்கு உரியது.

நிற்க. இனிப் பொறிகளை ஒப்பிடுவோம். தூண்டிற் படகின் மின்பொறிகளை அவை தள்ளும் விசையால், அதாவது இராத்தல் கணக்கில், அளவிடுகின்றனர். 12 வோல்ட்டில் இயங்கும் 55 இராத்தல் பொறி முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். பெருக்கினால் 600 வாட். ஒரு குதிரைவிசைக்கும் குறைவு. 24 வோல்ட்டில் 80 இராத்தல், 36 வோல்ட்டில் 112 இராத்தல் வரை தள்ளும் பொறிகளும் உள்ளன. அவையும் இரண்டரைக் குதிரைவிசையைத் தாண்டுவதில்லை. நம் கரையோர மீனவர் பூட்டும் 15 குதிரைவிசைப் பெட்ரோல் பொறியோ சுமார் 11,000 வாட் ஆற்றல் உடையது. ஆகவே இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது, தையல் ஊசியையும் கடப்பாரையையும் நிறுத்துவது போலாகும்.

அடுத்தது சேமக்கலம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈயக் கலம் ஏறத்தாழ 30 கிலோ எடையிருக்கும். அதில் பாதியளவே செலவிடலாம். மேலும் இறக்கினால் அதன் ஆயுள் குன்றும். அதே கொள்ளளவுடைய லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டுக் கலம் சுமார் 12 கிலோதான். பத்தில் எட்டு ஒன்பது பங்கு வரை பயன்படுத்தலாம். லித்தியம் கலம் 1991இல் வாணிகத்துக்கு வந்தது. அதற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்றனர். மின்படகு மீண்டும் தலையெடுத்ததற்கு இக்கலமே முதற்காரணம்.

ஆயினும் கணக்கை மறத்தலாகாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. சிறு பொறி அதில் பெரும்பங்கை வெப்பமாக வீணாக்கி, ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கையே விசிறிக்குத் தரும். மின்பொறி தான் வாங்கியதில் ஐந்தில் நான்கு பங்கைத் தந்துவிடும். அவ்வளவு சிக்கனம் இருந்தும், மேற்சொன்ன 12 கிலோ லித்தியம் கலம் ஒன்று ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சற்றுக் குறைவான பணியையே செய்யும். 15 குதிரைவிசைப் பொறி முழு வேகத்தில் ஒரு மணிக்கு ஐந்தாறு லிட்டர் குடிக்கும். விரைந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டிய மீனவருக்கு மின்சாரம் இன்னும் கைகொடுக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

மெல்லச் செல்வோர் கதை வேறு. நீரில் படகின் வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறையும். முகத்துவாரத்திலும் அலையடங்கிய கரையோரத்திலும் மெல்ல நகர்ந்து தூண்டில் போடுவோர், ஓரிடத்தில் படகை நிறுத்தி வைக்க விரும்புவோர் ஆகியோருக்கு இது பெருநன்மை. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் ஆதித்யா என்னும் 75 இருக்கைச் சூரியப்படகும் இதே உண்மையால்தான் வென்றது. குறுகிய தூரம், அமைதியான நீர், சீரான வேகம். கடலில் செல்வோர் மட்டும் உப்புநீருக்கென்று செய்த பொறியையே தேர்தல் வேண்டும். நன்னீர்ப் பொறியை உப்பு அரித்துவிடும். ஏற்ற வற்று நீரோட்டம் விரையும் நம் கால்வாயில், திரும்பி வருவதற்குரிய ஆற்றலை ஒதுக்கி வைத்த பின்னரே மீதியைக் கணக்கிடல் வேண்டும்.

பொறியின் வரலாறு இத்துடன் முடிந்துவிடுவதில்லை. பொறியை வாங்கிய மனிதரின் வரலாறும் உண்டு. ரேமண்ட் பெர்த் என்னும் மானிடவியலறிஞர் 1939-40இல் கிளந்தான் கரையில் தங்கி மலாய் மீனவர் வாழ்வை ஆராய்ந்தார். அன்று கடலில் பாய்மரம். 1963இல் அவர் மீண்டும் வந்தபோது இயந்திரப் படகுகள் நிறைந்திருந்தன, பிடிப்பு பெருகியிருந்தது, ஆனால் முதல் போட்டவரின் கை ஓங்கியிருந்தது. இந்தியாவில் 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் சிறு மீனவர் படகுக்குப் பொறி பூட்ட எண்ணித் தொடங்கியது. முடிவில் இறால் ஏற்றுமதிக்கான இழுவைப் படகுகளுக்கு வழிதிறந்தது. நம் மேற்குக் கரையிலும் 1960களிலும் 70களிலும் இழுவைப் படகினருக்கும் கரையோர மீனவருக்கும் மோதல் மூண்டு உயிர்களும் போயின. அதன் பின்னரே கரையோரத்து முதல் 5 கடல் மைல் சிறு மீனவர்க்கென ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் 3 கடல் மைலைச் சிறு மீனவர்க்குக் காத்தது.

இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்று. பொறி தானே நன்மையும் செய்யாது, தீமையும் செய்யாது. அதனைக் கடனில் வாங்கி, கடன் கொடுத்தவரிடமே அவர் சொன்ன விலைக்கு மீனை விற்க நேருமாயின், விசை படகுக்கு வந்தது. விடுதலை மீனவனுக்கு வரவில்லை. மின்பொறியின் இயல்பும் இங்கே நோக்கத்தக்கது. அதன் முதற்செலவு மிகுதி. அன்றாடச் செலவு குறைவு. எண்ணெய்ப் பொறியோ இதற்கு நேர்மாறு. நாள் வருவாயில் வாழ்பவனுக்கு அன்றாடச் செலவைவிட முதற்செலவே பெருஞ்சுமை. அச்சுமையைத் தனியொருவன் தோளில் ஏற்றாது கூட்டுறவு முறையில் பகிர்ந்துகொண்டால் மட்டுமே இப்புதிய பொறி பழைய கடனின் மறுபிறப்பாகாமல் இருக்கும்.

தமிழாசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வாட் காண்பது உயர்வகுப்பு மாணவருக்கு எட்டக்கூடிய கணக்கே. ஒரு பொறியின் விளம்பரத்தைக் கரும்பலகையில் எழுதி, இது எத்தனை மணி ஓடும், எவ்வளவு எடை சுமக்கும், யாருக்குப் பயன்படும் என்று அவர்களையே கணக்கிடச் செய்யலாம். அக்கணக்கு தெரிந்த பிள்ளையின் தந்தை மீனவராயினும் தோட்டத் தொழிலாளராயினும், விற்பவன் சொல்லை மட்டும் நம்பிக் கையெழுத்திட மாட்டார்.