சிங்கப்பூர்ச் சிறாரின் கிட்டப்பார்வை

கிட்டப்பார்வை என்பது, கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுவதால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே விழும் குறைபாடு. சிராங்கூன் சாலை நிறுத்தத்தில் பேருந்து எண்ணைப் படிக்கப் பிள்ளை கண்ணைச் சுருக்கினால் உடனே சோதிக்க வேண்டும். 1996-97இல் தேசிய சேவைக்கு வந்த இளைஞர்களில் சீனர் 82, இந்தியர் 69, மலாய்க்காரர் 65 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. தமிழ்ப் பெற்றோர் இதைப் பிறர் வீட்டுக் குறையென்று ஒதுக்க முடியாது. தேசியக் கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் 2001இல் தொடங்கியது. இக்குறை கூடுவதை மெதுவாக்கச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 400 சிறாரிடம் அட்ரோபின் சொட்டுமருந்தைச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பின்னர் 0.01 விழுக்காட்டுக் கரைசலையும் ஆராய்ந்தார்கள். அதில் கண்கூச்சம் மிகக் குறைவு. சாதாரணக் கண்ணாடி பார்வையைத் திருத்துமே தவிர, விழி நீள்வதைத் தடுக்காது. பகல் வெளிச்சத்தில் தினமும் 2 மணி நேரம் விளையாடுவது இக்குறை தோன்றுவதையே தள்ளிப்போடும்.